டாங்கிக் குழுவினர் பற்றிய புத்தகங்கள்: முதலில் எதை வாங்கலாம்?

டாங்கிப் போர் பற்றி ஒரே ஒரு புத்தகம் வாங்குவது என்று முடிவு செய்து தேடினால் பெயர்கள் நிறைய வரும். வடிகட்டிப் பார்த்தபோது எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று, தென்னாப்பிரிக்காவின் ராபர்ட் கிறிஸ்ப் எழுதிய ‘பிரேசன் சாரியட்ஸ்’. மற்றது, அமெரிக்கரான பெல்டன் கூப்பர் எழுதிய ‘டெத் டிராப்ஸ்’ (மரணப் பொறிகள்). நான் கிறிஸ்பை வாங்கினேன். கூப்பரைப் பிறகு படித்தேன். அதற்குப் பின் வேறு சிலவும் படித்தாகிவிட்டது. இன்றும் யாராவது கேட்டால் கிறிஸ்பைத்தான் முதலில் சொல்வேன். ஏன் என்பதற்கான காரணம் பீரங்கியிலோ கவசத்திலோ இல்லை.

பொதுவாக எல்லோரும் பார்க்கும் விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே இரண்டாம் உலகப் போர். இரண்டும் ஆங்கிலத்தில் மலிவுப் பதிப்பாகவும் மின்னூலாகவும் கிடைக்கின்றன. கிறிஸ்பின் களம் வட ஆப்பிரிக்கப் பாலைவனம், 1941 நவம்பர், டிசம்பர். கூப்பரின் களம் 1944 கோடையில் பிரான்ஸின் நார்மண்டியில் தொடங்கி ஜெர்மனிக்குள் போய் முடிகிறது. கிறிஸ்பின் ஆங்கிலம் சரளமானது. கூப்பரின் நடை ஒரு பொறியாளர் எழுதும் அறிக்கை போல இருக்கும், ஆனால் புரியாமல் போகாது.

சரி, எதை வைத்து முடிவு செய்வது? டாங்கிக் குழு பற்றிய புத்தகம் நல்லதா என்று பார்க்க நான் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்கிறேன். டாங்கி சுடாத நேரத்தைப் பற்றி அந்தப் புத்தகத்துக்கு என்ன தெரியும்? ஒரு போர் நாளில் நேருக்கு நேர் சுட்டுக்கொள்வது சில நிமிடங்கள், மிஞ்சிப்போனால் சில மணி நேரம். மீதி நேரமெல்லாம் பெட்ரோல் ஊற்றுவது, குண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றி அடுக்குவது, சங்கிலிப் பட்டையைச் சரிபார்ப்பது, இயந்திரத் துப்பாக்கியைத் துடைப்பது, வானொலியில் காதை வைத்துக் காத்திருப்பது. நான்கைந்து பேர் ஒரு இரும்புப் பெட்டிக்குள் வாழும் வாழ்க்கை அங்கேதான் இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சண்டையை மட்டும் எழுதும் புத்தகத்தில் டாங்கி இருக்கும், ஆனால் அதற்குள் இருந்த ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

கிறிஸ்ப் இதில் வெகு தூரம் முன்னே நிற்கிறார். அவரைக் கிரிக்கெட் ரசிகர்கள் வேறு காரணத்துக்காக அறிந்திருக்கலாம். தென்னாப்பிரிக்காவுக்காக 9 டெஸ்ட் ஆடிய வேகப்பந்து வீச்சாளர். முதல்தரக் கிரிக்கெட்டில் தொடர்ந்து நான்கு பந்துகளில் நான்கு விக்கெட் எடுப்பதை இரண்டு முறை செய்த ஒரே ஆள். போரில் அவர் பிரிட்டனின் மூன்றாவது ராயல் டாங்க் ரெஜிமென்ட்டில் இருந்தார். அந்தப் படைப்பிரிவு லிபியாவுக்கு வருவதற்கு முன் அதே 1941-இல் கிரீஸில் ஏ10 டாங்கிகளோடு இருந்தது. அங்கே அந்த டாங்கிகளில் பெரும்பாலானவை எதிரியின் குண்டால் போகவில்லை. பட்டை அறுந்தும் இயந்திரம் பழுதாகியும் வழியிலேயே நின்றுபோயின. அதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்த ஸ்டூவர்ட் டாங்கியை இவர்கள் முதன்முதலில் ஓட்டிப் பார்க்கும் பகுதி தனி ருசி. மணலில் வேண்டுமென்றே படுவேகமாகத் திருப்பி, வளைத்து, பட்டை கழன்று விழுகிறதா என்று பார்க்கிறார்கள். விழவில்லை. டிரைவரின் முகம் மலர்கிறது. கவசம் எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிடப் பட்டை நிற்குமா என்பதுதான் அவர்களுக்கு முதல் கேள்வி. டாங்கிக்குள் உட்கார்ந்தவர்தான் இப்படி எழுத முடியும்.

ஸ்டூவர்ட் சின்ன டாங்கி. நான்கு பேர், 37 மில்லிமீட்டர் பீரங்கி, விமானத்துக்காகச் செய்த எஞ்சின். வேகம் உண்டு, ஆனால் ஒரு முறை நிரப்பிய பெட்ரோல் நூறு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், அதுவும் நல்ல சாலையில். எனவே எரிபொருள் லாரி எங்கே இருக்கிறது என்ற கவலை ஒவ்வொரு பக்கத்திலும் ஓடுகிறது. எதிரே நிற்கும் ஜெர்மன் டாங்கிகளையும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளையும் தூரத்திலிருந்து இதால் ஒன்றும் செய்ய முடியாது, கிட்டே போயாக வேண்டும். அதற்காகக் கிறிஸ்ப் தன் குழுவோடு சேர்ந்து ஒரு முறையைப் பழக்குகிறார். முழு வேகத்தில் நெருங்குவது, சட்டென்று நிறுத்துவது, கன்னர் உடனே சுடுவது, சுட்ட மறுகணமே உத்தரவுக்குக் காத்திராமல் டிரைவர் வண்டியை எடுத்துவிடுவது. பேச நேரம் கிடையாது. நான்கு பேருக்கும் அடுத்தவர் என்ன செய்வார் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் உயிர் தொங்குகிறது என்பது படிக்கும்போது நமக்கே உறைக்கும்.

அப்புறம் இரவு. இந்தப் புத்தகத்தில் நான் அடிக்கடி திரும்பிப் போகும் பகுதிகள் இரவுப் பகுதிகள்தான். இருட்டியதும் டாங்கிகள் பின்வாங்கி ஓரிடத்தில் நெருங்கி நிற்கும், லாரிகளை நடுவில் வைத்துக்கொண்டு. பகலெல்லாம் சண்டையிட்ட அதே கைகள் பெட்ரோல் டின்களைத் தூக்கி ஊற்ற வேண்டும், குண்டு ஏற்ற வேண்டும், எஞ்சினைப் பார்க்க வேண்டும். கமாண்டர் மறுநாள் உத்தரவு வாங்கப் போவார். காவல் முறை வேறு உண்டு. விடிந்தால் கூட்டமாக நிற்கும் டாங்கிகள் எளிய இலக்கு என்பதால் வெளுக்கும் முன்பே கிளம்பிப் பரவிவிட வேண்டும். கணக்குப் போட்டால் தூங்குவதற்கு மிகக் கொஞ்ச நேரமே தேறுகிறது. இது ஒரு நாள் இல்லை, நாள் கணக்கில், வாரக் கணக்கில் நடக்கிறது. லிபியாவின் சிதி ரெசேக் விமானத் தளத்தில் பிரிகேடியர் ஜாக் கேம்பெல் திறந்த காரில் முன்னே போக, கிறிஸ்பின் டாங்கி பின்னே பாயும் காட்சியைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அபாரமான காட்சிதான். ஆனால் அந்தக் களைப்பு தெரிந்த பிறகு படித்தால்தான் அதன் எடை தெரியும். தூங்காத மனிதன் என்ன முடிவெடுப்பான், எதைக் கவனிக்கத் தவறுவான் என்பதைக் கிறிஸ்ப் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

குறையும் உண்டு. புத்தகம் வந்தது 1959-இல், சம்பவம் நடந்து 18 ஆண்டுகள் கழித்து. அதில் வரும் உரையாடல்களை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டாம். கிறிஸ்ப் துணிச்சல்காரர், தன் துணிச்சலை அவர் ரசிக்கிறார் என்பதும் தெரிகிறது. பாலைவனத்தில் ஊர்கள் குறைவு, பொதுமக்கள் கண்ணில் படுவது அரிது. அதனால் போர் என்பது இரு அணிகளுக்கு மட்டுமே நடந்த விஷயம் போன்ற தோற்றம் வந்துவிடுகிறது. இந்த ஒரு புத்தகத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கூப்பருக்கு வருவோம். நான் வைத்த அளவுகோலில் கிறிஸ்புக்குச் சரியான போட்டி இவர்தான், ஏனென்றால் இவர் புத்தகம் முழுவதுமே சுடாத நேரத்தைப் பற்றியது. மூன்றாவது கவச டிவிஷனின் பராமரிப்புப் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்தார். அன்றன்று அடிபட்ட டாங்கிகளின் பட்டியலை வானொலியில் சொன்னால் எதிரி கேட்டுவிடுவான் என்பதால், இரவில் ஜீப்பில் அதைத் தானே எடுத்துக்கொண்டு பின்னால் இருந்த தலைமையகத்துக்குப் போவார். வழியெல்லாம் இன்னும் யார் கையிலும் முழுதாக வராத நிலம். அவர் தரும் கணக்கு மலைக்க வைக்கும்: 232 ஷெர்மன் டாங்கிகளோடு இறங்கிய டிவிஷன், போர் முடிவதற்குள் 648 ஷெர்மன்களை முற்றாக இழந்தது, மேலும் 700 அடிபட்டு, பழுது பார்க்கப்பட்டுத் திரும்பக் களத்துக்குப் போயின. துளை விழுந்த கவசத்தை வெல்டிங் செய்து அடைப்பது, உள்ளே சிதறிக் கிடப்பதை எடுத்துவிட்டு மருந்து போட்டுக் கழுவுவது, அடுத்த குழு ஏறும்போது பழைய வாடையும் கறையும் தெரியாதபடி வெள்ளை வர்ணம் அடிப்பது என்று அவர் எழுதும் பக்கங்களை வேறு எங்கும் நான் படித்ததில்லை. இந்தப் பக்கங்களுக்காகவே அந்தப் புத்தகம் வீட்டில் இருக்க வேண்டும்.

பிறகு ஏன் இரண்டாம் இடம்? ஒன்று, அவர் டாங்கிக் குழுவில் இருந்தவர் இல்லை. குழு இறங்கிப் போன பிறகு, அல்லது குழு இறந்த பிறகு, டாங்கி இவரிடம் வருகிறது. அடிபட்டவை மட்டுமே கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் ஷெர்மன் ஒரு சவப்பெட்டி என்று தோன்றுவது இயல்பு, புத்தகத்தின் தலைப்பும் அதையே சொல்கிறது. இரண்டாவது, தன் கண்ணால் பார்க்காத மேல்மட்ட முடிவுகளைப் பற்றியும் உறுதியாகப் பேசுகிறார். கனமான பெர்ஷிங் டாங்கி தாமதமானதற்கு ஜெனரல் பேட்டன்தான் காரணம் என்கிறார். இது சரியல்ல என்று ஸ்டீவன் சலோகா போன்ற ஆய்வாளர்கள் ஆவணங்களை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தத் தாமதத்தில் தரைப்படைப் பயிற்சிக்குப் பொறுப்பான லெஸ்லி மெக்நேரின் கொள்கைக்குத்தான் பெரிய பங்கு. ஆகவே கூப்பரைப் பட்டறை வரைக்கும் முழுதாக நம்புங்கள், பட்டறைக்கு வெளியே சற்று எச்சரிக்கையோடு. கூடவே சலோகாவின் ‘ஆர்மர்ட் தண்டர்போல்ட்’ படிப்பது நல்லது.

ஷெர்மனுக்கு மறுபக்கம் வேண்டுமென்றால் சோவியத் அதிகாரி திமித்ரி லோசாவின் நினைவுகள் உண்டு. அமெரிக்கா கொடுத்த அதே ஷெர்மன்களை உக்ரைனிலிருந்து வியன்னா வரைக்கும், பிறகு மஞ்சூரியா வரைக்கும் ஓட்டிப்போன படையில் அவர் இருந்தார். அவருக்கு அந்த டாங்கி பிடித்திருக்கிறது. கூப்பரைப் படித்த சூட்டோடு லோசாவைப் படித்தால் ஒரே வண்டியைப் பற்றி இரண்டு உலகங்கள் பேசுவது தெரியும். ரஷ்ய நினைவுநூல்களில் என் வாசிப்பு குறைவு, அதனால் இவரை அந்த வகையின் சிறந்தவர் என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கீத் டக்ளஸின் ‘அலமைன் டு செம் செம்’ எழுத்தின் தரத்தில் கிறிஸ்பையும் தாண்டியது. ஆங்கிலக் கவிஞர்; 1942-இல் எகிப்தில் தலைமையக வேலையை விட்டு அனுமதியின்றி லாரியை எடுத்துக்கொண்டு சண்டை நடக்கும் இடத்துக்குப் போனவர்; 1944 ஜூன் 9 அன்று நார்மண்டியில் இறந்தார், வயது 24. புத்தகம் 1946-இல் வந்தது. உடைந்த இத்தாலிய டாங்கி ஒன்றுக்குள் அவர் எட்டிப் பார்க்கும் இடம் மறக்காது. ஆனால் அவர் பார்ப்பது போரையும் தன்னையும். கூட இருந்த டிரைவரும் கன்னரும் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். இலக்கியத்துக்காகப் படிப்பவர்கள் டக்ளஸிலிருந்து தொடங்கலாம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

கென் டவுட் எழுதிய ‘டேங்க்!’ 1944 ஆகஸ்ட்டில் நார்மண்டியின் கான் நகருக்குத் தெற்கே நடந்த தாக்குதலின் நாற்பது மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இரவில் தூசியும் புகையும் சூழ, முன்னால் போகும் வண்டியைப் பார்த்துக்கொண்டே நகரும் நீண்ட ஊர்வலம் அதில் இருக்கிறது. சுடாத நேரம் என்ற என் அளவுகோலில் இதுவும் நன்றாகத் தேறும். கால அளவு குறுகியது என்பதால் களைப்பு சேர்ந்துகொண்டே போவது மட்டும் கிறிஸ்பைப் போல வராது.

அவிக்டோர் கஹலானியின் ‘த ஹைட்ஸ் ஆஃப் கரேஜ்’ 1973-இல் கோலன் குன்றில் நடந்த சண்டை. இவர் இஸ்ரேலியப் பட்டாலியன் தளபதி. எத்தனை டாங்கி மிச்சம், எங்கே நிறுத்துவது என்ற முடிவுகள்தான் மையம். இவர் ஓட்டிய செஞ்சூரியன் நமக்கும் தெரிந்த வண்டிதான். பாகிஸ்தானுடனான போர்களில், 1965-இல் பில்லோராவிலும் 1971-இல் பசந்தரில் அருண் கேத்தர்பாலிடமும் இருந்தது அதே குடும்பத்து டாங்கி. அந்தப் போர்களைப் பற்றிப் படித்தவர்களுக்குக் கஹலானி சட்டென்று பிடிபடுவார். அந்த வகையில் பார்த்தால் கிறிஸ்பின் ஸ்டூவர்ட்டும் அந்நியமில்லை. 1948 நவம்பரில் சோஜிலா கணவாயில் இந்தியப் படை பனிக்கு நடுவே ஏற்றிக்கொண்டு போனது ஸ்டூவர்ட்டின் அடுத்த வடிவத்தைத்தான்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் டாங்கி அதிகாரியாக இருந்த ஓட்டோ காரியஸின் ‘டைகர்ஸ் இன் த மட்’ பற்றியும் கேட்பார்கள். டைகர் டாங்கியை நல்ல நிலையில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய பாடு என்று அவர் எழுதியிருப்பது மதிப்புள்ளது. ஆனால் அந்த டாங்கிகள் எந்த ஆட்சிக்காக அங்கே நின்றன, அவற்றின் பின்னால் அந்த நிலத்து மக்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதில் அந்தப் புத்தகம் காட்டும் மௌனம் எனக்கு உறுத்துகிறது. முதல் புத்தகமாக இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நிச்சயமாக வேண்டாம். வரலாறு கொஞ்சம் தெரிந்த பிறகு படிக்கலாம்.

எனவே முதலில் கிறிஸ்ப், அடுத்து கூப்பர், கூப்பரோடு சேர்த்து சலோகா. வண்டியின் இயந்திரப் பக்கத்தில்தான் ஆர்வம், ஆட்கள் கதை இரண்டாம்பட்சம் என்பவர்கள் கூப்பரை முன்னால் போட்டுக்கொள்ளலாம். கிறிஸ்பை வாங்கும்போது பக்கத்தில் லிபியா, எகிப்து எல்லையின் வரைபடம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தொப்ருக், சிதி ரெசேக், எல்லைக் கம்பி வேலி ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டால், டாங்கிகள் ஏன் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது தடையில்லாமல் புரியும்.