ஒரே கேசட்டில் இரண்டு பெங்குவின்: ஜாய்ஸ்டிக்கை யாருக்குக் கொடுப்பது?

வீடியோ கேம் என்றால் கான்ட்ராவுக்கும் மாரியோவுக்கும் மாலை போட ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. தொண்ணூறுகளில் மதுரையில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் அந்த இரண்டு பேரைச் சொல்லிவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். அதே கேசட்டில், மெனுவின் நடுவில், நாம் நின்றுகூடப் பார்க்காமல் தாண்டிப் போன ஆட்டங்கள் சில இருந்தன. அவற்றுக்கு ஒரு நியாயம் கிடைக்கட்டும் என்றுதான் இந்த ஒப்பீடு.

இந்தத் தடவை சித்திரைத் திருவிழாவுக்கு அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். மீனாட்சி பஜாரில் பழைய ஆட்டங்கள் அடங்கிய ஒரு கேம் ஸ்டிக் வாங்கி டிவியின் பின்னால் சொருகினேன். மருமகன் கான்ட்ரா எங்கே என்று தேட, நான் வேண்டுமென்றே அதைத் தாண்டிக் கீழே இறக்கினேன். “மாமா, தெரிஞ்ச கேமா போடுங்க” என்றான். தெரிஞ்ச கேம் தெரிஞ்சதுதானே, அதற்கு எதற்குக் கூட்டம்?

முதலில் இந்த ஆட்டங்கள் நம் கைக்கு எப்படி வந்தன என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம்மூரில் ‘டிவி கேம்’ என்று விற்றதெல்லாம் ஜப்பானில் 1983இல் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியின் நகல்கள். அதற்கு வந்த கேசட்டுகளின் மேல் ‘9999 இன் 1’ என்று போட்டிருக்கும். ஸ்டிக்கரில் இருக்கும் படம் உள்ளே இருக்காது. உள்ளே போய்ப் பார்த்தால் கொஞ்சம் ஆட்டங்கள்தான் தேறும். மீதியெல்லாம் அதே ஆட்டம் ஐந்தாவது லெவலிலிருந்து தொடங்கும், இல்லையென்றால் லைஃப் மட்டும் கூடியிருக்கும். சந்தையில் தக்காளிக்கூடைக்கு அடியில் வைக்கோல் வைத்து நிரப்புவதற்கு இதைவிட நேர்மை அதிகம்.

ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ஏன் எப்போதும் அதே பழைய ஆட்டங்கள்? காரணம் இடம். 1983 முதல் 1985 வரை வந்த ஆட்டங்கள் பெரும்பாலும் 24 கிலோபைட், மிஞ்சினால் 40 கிலோபைட். கேசட்டில் கூடுதல் சிப் எதுவும் தேவையில்லை. கான்ட்ரா 128 கிலோபைட், மாரியோவின் மூன்றாம் பாகம் 384. அந்த மாரியோ ஒன்றை வைக்கும் இடத்தில் சின்ன ஆட்டங்கள் ஒன்பது, பத்தைத் திணித்துவிடலாம். திருட்டு கேசட் போடுகிறவருக்குக் கணக்கு வந்தது. நமக்கு, ஜப்பானை விட்டே வெளியே வராத ஆட்டங்கள் வந்தன. இதில் வேடிக்கை, கீழே சொல்லப்போகிற பைனரி லேண்ட், நட்ஸ் அண்ட் மில்க் இரண்டும் அந்தக் காலத்தில் அமெரிக்கப் பிள்ளைகளின் நின்டெண்டோ பெட்டிக்கு வெளியாகவே இல்லை. இங்கேயோ, மதுரை செல்லூரில் ஒரு சந்துக்குள் அவற்றை அரை மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஆடவிட்டார்கள்.

எதை வைத்து ஒப்பிடுவது? கிராஃபிக்ஸை வைத்து ஒப்பிட்டால் எல்லாமே தோற்கும். எங்கள் வீட்டில் அப்போதிருந்து ஒரே சட்டம்தான்: லைஃப் போச்சா, கை மாத்து. லீவுக்கு வந்த பெரியப்பா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பையன் எல்லாரும் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் அப்பா, “பிக்சர் டியூப் போயிரும், போதும் நிறுத்துங்க” என்று அரை மணிக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த நெருக்கடியில் எந்த ஆட்டம் சுறுசுறுப்பாகக் கை மாறுகிறதோ, உட்கார்ந்து பார்க்கிறவனையும் எது சிரிக்க வைக்கிறதோ, அதுவே நல்ல ஆட்டம். இப்போதும் அதே அளவுகோலைத்தான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் கார். ரோடு ஃபைட்டரா, எஃப் 1 ரேஸா?

எஃப் 1 ரேஸ் 1984இல் நின்டெண்டோவே வெளியிட்டது. காரின் பின்னாலிருந்து பார்க்கும் கோணம், வளைவு வந்தால் ரோடு மொத்தமாக வளையும். அந்தக் காலத்துப் பெட்டிக்கு இது பெரிய வித்தை. அதன் நிரலை எழுதியவர் சடோரு இவாடா. பின்னாளில் 2002இல் நின்டெண்டோவுக்கே தலைவரானவர். ஆனால் ஆடிப் பார்த்தால் கியர் இரண்டு, வளைவு, கார், மறுபடி வளைவு. மருமகன் இரண்டாவது சுற்றிலேயே கொட்டாவி விட்டான். வேலைப்பாடு தெரிகிறது, விளையாட்டு தெரியவில்லை.

கோனாமி என்ற இன்னொரு ஜப்பான் நிறுவனத்தின் ரோடு ஃபைட்டருக்கு அந்த வித்தையெல்லாம் கிடையாது. மேலிருந்து பார்க்கும் நேர் ரோடு, அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு குணம் இருக்கிறது: உங்களுக்கு லைஃப் என்று எதுவும் இல்லை, பெட்ரோல்தான் லைஃப். நேரம் போகப் போகக் குறையும், மோதினால் இன்னும் குறையும். இன்னொரு கார் லேசாக இடித்தால் வண்டி வழுக்கும். அந்த ஒரு நொடியில் எதிர்ப்பக்கம் திருப்பினால் தப்பிக்கலாம், பதறி அதே பக்கம் திருப்பினால் ஓரத்தில் மோதி வெடிக்கும். பல வண்ணத்தில் ஒரு கார் வரும், அதைத் தொட்டால் பெட்ரோல் ஏறும். லாரியைத் தொட்டால் பேச்சே கிடையாது. சிக்கல் என்னவென்றால், வேகத்தை 400 கிலோமீட்டருக்கு ஏற்றினால்தான் பெட்ரோல் தீருவதற்குள் போய்ச் சேர முடியும், ஏற்றினால்தான் மோதவும் செய்யும். ஆசை, பயம் இரண்டையும் ஒரே பட்டனில் வைத்திருக்கிறார்கள். மோதாமல் ரொம்ப தூரம் போனால் ஓரமாகக் கோனாமி மேன் என்ற அந்த நிறுவனத்துச் சூப்பர் ஹீரோ பறந்து போவார். அவரைப் பார்த்ததாகச் சொன்ன பக்கத்து வீட்டுப் பையனை நாங்கள் பொய்யன் என்று ஒதுக்கி வைத்திருந்தோம், பாவம்.

மச்சான் ஒரு தரம் ஆடினார். பெட்ரோல் தீர்ந்ததும் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, “தினமும் சாயங்காலம் காளவாசல் சிக்னல்ல இதைத்தான் ஆடிட்டு வர்றேன், லீவுலயுமா” என்று எழுந்து போய்விட்டார். ரோடு ஃபைட்டர் ஜெயித்தது. ஒரு ஆட்டம் சில நிமிடத்தில் முடிகிறது, கை மாறுகிறது, தோற்றவன் அடுத்தவனுக்கு யோசனை சொல்கிறான். வேறென்ன வேண்டும்.

இனி பெங்குவின்கள். என் மனசுக்கு இதுதான் முக்கியமான போட்டி.

அன்டார்க்டிக் அட்வென்ச்சரும் கோனாமியுடையதுதான். எம்எஸ்எக்ஸ் கணினிக்கு 1983இல் வந்தது, ஃபேமிகாமுக்கு 1985இல். ஒரு பெங்குவின் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பனியில் ஓடும். குழியைத் தாண்ட வேண்டும், குழிக்குள்ளிருந்து தலை நீட்டும் சீலைத் தவிர்க்க வேண்டும், துள்ளும் மீனைப் பிடிக்க வேண்டும். பின்னணியில் வால்ட்டாய்ஃபெல் இசையமைத்த ‘ஸ்கேட்டர்ஸ் வால்ட்ஸ்’ ஓயாமல் ஓடும். இன்றைக்கும் அந்த மெட்டைக் கேட்டால் எனக்கு ஐரோப்பா ஞாபகம் வருவதில்லை, எங்கள் வீட்டு மொசைக் தரைதான் வருகிறது.

ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு நாட்டின் ஆய்வு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அந்த நாட்டுக் கொடி ஏறும். ஆஸ்திரேலியா, பிரான்ஸ், நியூசிலாந்து, அமெரிக்கா, அர்ஜென்டினா, பிரிட்டன், ஜப்பான் என்று சுற்றி வரலாம். இந்தியக் கொடி எங்கே என்று சின்ன வயதில் தேடித் தேடி ஏமாந்திருக்கிறோம். தட்சிண கங்கோத்ரி என்ற நம் முதல் அன்டார்க்டிகா நிலையமே 1983-84இல்தான் அமைந்தது. கோனாமிக்காரர்கள் ஒரு வருடம் பொறுத்திருந்தால் பெங்குவின் நம்ம பக்கமும் வந்திருக்கும்.

அழகான ஆட்டம். ஆனால் எங்கள் சட்டப்படி இது பெரும் அநியாயம். இந்தப் பெங்குவின் சாகாது! குழியில் தடுக்கும், சீலில் மோதும், குட்டிக்கரணம் போடும், எழுந்து ஓடும். நேரம் முடிந்தால் மட்டுமே ஆட்டம் முடியும். கொஞ்சம் கை தேறியவன் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தால் உலகம் சுற்றிவிட்டுத்தான் கொடுப்பான். வரிசையில் இருக்கிறவன் வால்ட்ஸ் கேட்டுக்கொண்டு தூங்க வேண்டியதுதான். தனியாக ஆட அருமை. கூட்டத்துக்கு ஆகாது.

ஹட்சன் சாஃப்ட் என்ற நிறுவனத்தின் பைனரி லேண்ட் அப்படியில்லை. இதில் பெங்குவின்கள் இரண்டு. ஆண் குரின், பெண் மாலோன். நடுவில் சுவர், இரு பக்கமும் குறுகலான வழிகள், மேலே நடுவில் ஒரு கூண்டுக்குள் இதயம். இரண்டும் ஒரே நேரத்தில் அந்த இதயத்தின் இரு பக்கமும் வந்து நிற்க வேண்டும். ஜாய்ஸ்டிக் ஒன்றே ஒன்று. வலது அழுத்தினால் ஒன்று வலப்பக்கம் போகும், மற்றது இடப்பக்கம் போகும். மேலே அழுத்தினால் இரண்டும் மேலே. இவ்வளவுதான் விதி, ஆனால் மூளை இரண்டாகப் பிளக்கும்.

ஏனென்றால் இரண்டு பக்கத்துச் சுவர்களும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று ஓடும்போது மற்றது சுவரில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடக்கும். முதலில் இது தொந்தரவாகத் தெரியும். அப்புறம்தான் புரியும், விட்டுப்போன கணக்கைச் சரிசெய்ய அந்தச் சுவர்தான் வழி: முந்திப் போனதைச் சுவரில் முட்டவிட்டு, பிந்தியதை நடத்திக்கொண்டு வர வேண்டும். இதற்கிடையில் சிலந்திகள். தொட்டால் உயிர் போகும், ஸ்ப்ரே அடித்தால் சிலந்தி போகும். வலையில் ஒரு பெங்குவின் சிக்கிக்கொண்டால் மற்றது சுற்றிவந்து ஸ்ப்ரே அடித்து விடுவிக்க வேண்டும். விடுவிக்கப் போகிறதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சிக்கியதன் பக்கம் சிலந்தி வரும்.

நான் ஆட, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, “நீ இடப்பக்கத்தைப் பாருடா, வலப்பக்கத்தை நான் பாத்துச் சொல்றேன்” என்றாள். முப்பது வருடத்துக்கு முன்னால் எங்களுக்கு இது தோன்றவில்லை. ஒற்றையாள் ஆட்டத்தைப் பக்கத்தில் இருக்கிறவர் கண்ணை வைத்து இரட்டை ஆட்டமாக்கிவிடலாம். “நில்லு, நில்லு, சிலந்தி!” என்று அவள் கத்தியதில் நான் இரண்டையும் கொன்றேன். ஒருத்தர் மட்டும் முந்தி வந்து இதயத்தின் பக்கத்தில் நின்றும் பிரயோஜனமில்லை. கல்யாணத்துக்கு நேரத்தில் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அழகர் வந்து திரும்புகிற ஊரில் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தோல்வி சீக்கிரம் வருகிறது, யார் தப்பு என்று சண்டை வருகிறது, கை மாறுகிறது. அம்மாகூடச் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை, கேசட்டில் இருந்த ஆட்டங்களிலேயே புத்திசாலித்தனமானது இதுதான். மெனுவில் பெயரைப் பார்த்து ஏதோ கணக்குப் பாடம் என்று நாம் தாண்டிப் போனோம்.

இதே ஹட்சன், ஜப்பானின் சப்போரோவிலிருந்து 1984 ஜூலையில் வெளியிட்டதுதான் நட்ஸ் அண்ட் மில்க். நின்டெண்டோ அல்லாத வெளி நிறுவனம் ஃபேமிகாமுக்குப் போட்ட முதல் ஆட்டம் என்ற பெருமை இதற்கு உண்டு. நாயகன் மில்க், காதலி யோகர்ட், வில்லன் நட்ஸ். பெயர் வைத்தவர் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்திருக்க வேண்டும். பழங்களை எல்லாம் பொறுக்கினால் காதலி வீட்டுக் கதவு திறக்கும். உயரத்திலிருந்து விழுந்தால் மில்க் சாவதில்லை, மயங்கிக் கிடப்பார், அந்த நேரத்தில் நட்ஸ் வந்து சேர்வார். மொத்தம் 50 கட்டம், நாமே கட்டம் அமைத்துக்கொள்ளும் வசதி வேறு. பைனரி லேண்டோடு வைத்துப் பார்த்தால் இரண்டாம் இடம்தான். காதல் கதை என்று பார்த்தாலும் அதில் இரண்டு பேரும் உழைக்கிறார்கள், இதில் யோகர்ட் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். மருமகள் இதைக் கவனித்துவிட்டு, “அந்த அக்கா ஏன் மாமா வெளியவே வரமாட்டேங்குது?” என்று கேட்டாள்.

க்ளு க்ளு லேண்டைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. ஒரு மீன் கம்பத்தைப் பிடித்துச் சுற்றும், விட்டால் நேராகப் போகும், இன்னொரு கம்பத்தைப் பிடிக்கும். 1984இல் நின்டெண்டோ எதற்காக இதைச் செய்தது என்று அப்போதும் புரியவில்லை. மருமகனுக்கு மட்டும் பிடித்திருந்தது, இருக்கட்டும்.

கடைசியாக சர்க்கஸ் சார்லி. சிங்கத்தின் மேல் உட்கார்ந்து நெருப்பு வளையத்தைத் தாண்டுவது பலருக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் மூன்றாவது, நான்காவது கட்டத்தைப் பார்த்தவர்கள் குறைவு. கயிறு, பந்து, குதிரை, ஊஞ்சல் என்று மொத்தம் ஐந்து. கை மாறும் வேகத்தில் ரோடு ஃபைட்டருக்கே சவால் விடும். ஆனால் இன்றைக்கு ஆடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய குழாய் டிவி சிக்னலை வந்தபடியே காட்டிவிடும். எல்இடி டிவி படத்தைச் சீராக்குகிறேன் என்று கொஞ்சம் தாமதிக்கும். நீங்கள் பட்டனை அழுத்திய பிறகுதான் சார்லி யோசிக்கத் தொடங்குவார். செட்டிங்ஸில் ‘கேம் மோட்’ இருந்தால் போட்டுவிடுங்கள், சிங்கம் சொன்ன பேச்சைக் கேட்கும். வாத்து சுடும் துப்பாக்கி ஆட்டத்துக்கு அந்த வழியும் இல்லை. அந்தத் துப்பாக்கி குழாய் டிவி திரையில் ஓடும் ஒளியை நம்பி வேலை செய்தது, எல்இடியில் எத்தனை முறை சுட்டாலும் வாத்து பறந்துகொண்டேதான் இருக்கும். சார்லியின் ஐந்தாவது கட்டத்து ஊஞ்சலுக்கோ எந்த மோடு போட்டும் பிரயோஜனமில்லை. நேற்று ராத்திரிவரை வீட்டில் ஒருத்தரும் அதைத் தாண்டவில்லை.