பெயரை மறைத்தார்கள், ரூட்டரைத் திறந்துவிட்டுப் போனார்கள்: வைஃபை அமைக்கக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பாதுகாப்பான வைஃபை அமைத்துத் தருவதாகச் சொல்லும் ஆட்களிடம் வேலையை ஒப்படைக்கவிருப்பவர்களுக்காகவும், ஏற்கெனவே ஒப்படைத்துவிட்டு எல்லாம் சரியாக இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எங்களுடையது வாடிக்கையாளர்களின் கணக்கு ஆவணங்களைக் கையாளும் சிறிய அலுவலகம். அந்த ஆவணங்கள் பிறர் கையில் சிக்கிவிடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகத்தான், இணைப்பு தருபவர்கள் இலவசமாகப் பொருத்தித் தரும் ரூட்டரோடு நின்றுவிடாமல், தனிக் கட்டணம் செலுத்தி ஒரு நிறுவனத்தை அழைத்தோம். அதன் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட்டால், அதே கைவரிசை உங்கள் இடத்திலும் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

வந்த ஊழியர் முன்னறையில் ஒரு ரூட்டரையும் பின்னறையில், அங்கும் வைஃபை எட்டுவதற்கான ஓர் அக்செஸ் பாயின்ட்டையும் மாட்டினார். வேலை முடிந்ததும் இரண்டு ஏற்பாடுகளை எங்களை அழைத்துக் காட்டினார். ஒன்று, வைஃபையின் பெயர் யாருடைய போனிலும் தெரியாதபடி மறைத்திருந்தது. மற்றொன்று மேக் ஃபில்டர். அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்ணான மேக் முகவரியைப் பட்டியலில் சேர்த்து, பட்டியலில் இல்லாத கருவியை உள்ளே விடாமல் தடுப்பது. "பாஸ்வேர்டு வெளியே போனாக்கூட ஒருத்தரும் உள்ளே வர முடியாது சார்" என்றார். பில்லில் இவ்விரண்டும் 'அட்வான்ஸ்டு செக்யூரிட்டி' என்ற தலைப்பில் தனித்தனி வரிகளாக, தனித்தனித் தொகையுடன் இருந்தன.

இவ்விரண்டையும் பாதுகாப்பு என்று சொல்லி விற்பதே முதல் ஏமாற்று. பெயரை மறைத்தாலும், அந்த இணைப்பில் ஒரு கருவி சேரும் ஒவ்வொரு முறையும் பெயர் காற்றில் வெளிப்படையாகவே செல்கிறது. அதைப் பிடித்துக் காட்டும் இலவச மென்பொருள்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அதைவிட மோசமான பக்கவிளைவு ஒன்றும் உண்டு. பெயர் மறைக்கப்பட்ட இணைப்பு தானாக அறிவித்துக்கொள்ளாது என்பதால், அதைச் சேமித்து வைத்திருக்கும் போன்தான் பெயர் சொல்லி அழைத்துத் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே எங்கள் ஊழியர்களின் போன்கள் பேருந்திலும் கடையிலும்கூட எங்கள் அலுவலக வைஃபையின் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டிருந்தன. மறைப்பதற்காகக் காசு கொடுத்து, ஊரெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தோம்.

மேக் ஃபில்டரின் கதையும் இப்படித்தான். வைஃபையில் தரவு பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டாலும் மேக் முகவரி மறைக்கப்படுவதில்லை. அனுமதி பெற்ற ஒரு கருவியின் முகவரியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் கருவிக்கு அதையே வைத்துக்கொள்வது கெட்ட எண்ணம் கொண்டவனுக்குச் சில நிமிட வேலை. மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள்தான். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும், போன்கள் தம் உண்மையான மேக் முகவரியைக் காட்டாமல் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைமுகவரியைப் பயன்படுத்துகின்றன. அதனால் புதிய போன் வாங்கினாலோ, சில போன்களில் இணைப்பை அழித்துவிட்டு மறுபடி சேர்த்தாலோ பட்டியலில் இல்லாத முகவரி வந்து நின்றது. எங்கள் ஊழியர்களே வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் அந்த நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் 'சர்வீஸ் சார்ஜ்' உண்டு. அவர்கள் ஏன் அந்த ஃபில்டரை அவ்வளவு விரும்பினார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

வேகமும் ஏறவில்லை. இணைப்பு தருபவர் உறுதியளித்த வேகம் கம்பியில் வந்தது, வைஃபையில் வரவில்லை. கேட்டபோது சுவர் தடிமன் என்றார்கள், பிறகு லைனில் கோளாறு என்றார்கள், கடைசியில் இன்னும் ஓர் அக்செஸ் பாயின்ட் வாங்கச் சொன்னார்கள். இதே காலத்தில் ஊழியர் ஒருவரின் ஐபோனில், வைஃபை பெயருக்குக் கீழே பாதுகாப்பு பலவீனமானது என்ற சிறிய எச்சரிக்கை தோன்றியது. அதைப் படம் பிடித்து அனுப்பியதற்கு, "அது எல்லா நெட்வொர்க்குக்கும் அப்படித்தான் காட்டும், கண்டுக்காதீங்க" என்று பதில் வந்தது. எல்லா நெட்வொர்க்குக்கும் அப்படிக் காட்டாது. அந்த எச்சரிக்கையும் வேகக் குறைவும் ஒரே கோளாறின் இரண்டு முகங்கள் என்பது பின்னர் தெரியவந்தது.

இதற்கிடையே ரூட்டரின் அமைப்புகளை மாற்றும் பக்கத்துக்கான அட்மின் கடவுச்சொல்லைக் கேட்டோம். பொருள் எங்களுடையது, பணம் எங்களுடையது. ஆனால் கம்பெனி விதிப்படி வாடிக்கையாளருக்கு அதைக் கொடுப்பதில்லை என்றும், கொடுத்தால் 'செக்யூரிட்டி' போய்விடும் என்றும் மறுத்தார்கள். எழுத்தில் கேட்டதற்குப் பதிலே இல்லை.

இந்த நிலையில்தான் எங்கள் ஊழியர் ஒருவரின் அண்ணனை வரவழைத்தோம். நெட்வொர்க் துறையிலேயே வேலை பார்ப்பவர். அவர் மடிக்கணினியைத் திறக்கவும் இல்லை, முதலில் ரூட்டரைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த தாளில் தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருந்தன. இரண்டும் 'அட்மின்' என்ற அதே சொல். அதையே உள்ளிட்டார், அட்மின் பக்கம் திறந்துகொண்டது. எங்களிடம் தர மறுத்த ரகசியம், அந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்க்கும் எவருக்கும் தெரியக்கூடியதாக இருந்தது. தூக்கிப் பார்க்க வேண்டியதுகூட இல்லை. இத்தகைய ஆரம்பக் கடவுச்சொற்களின் பட்டியல் இணையத்தில் மாடல் வாரியாகக் கிடைக்கிறது. 2016-இல் இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்து ஆட்டிவைத்த 'மிராய்' என்ற தீநிரல் செய்ததும் இதைத்தான்: மாற்றப்படாத ஆரம்பக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தது, திறந்ததில் புகுந்துகொண்டது.

உள்ளே இருந்த அமைப்புகளை அவர் ஒவ்வொரு பக்கமாகக் காட்டினார். ரிமோட் மேனேஜ்மென்ட் இயக்கத்தில் இருந்தது. அதாவது அலுவலகத்துக்கு வெளியிலிருந்து, இணையத்தின் எந்த மூலையிலிருந்தும் இந்த அட்மின் பக்கத்தைத் திறக்கலாம். அவர்கள் எழுந்து வராமலேயே மேக் பட்டியலில் போனைச் சேர்த்துவிட்டுக் கட்டணம் வாங்குவதற்கு இது வசதி. கடவுச்சொல் 'அட்மின்' என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், வாசலில் இரண்டு பூட்டுத் தொங்கவிட்டுக் கொல்லைக் கதவைக் கழற்றி வைத்த கதை.

வைஃபை மறைகுறியாக்கத்துக்கு டபிள்யூபிஏ என்ற பழைய முறையையும், அதனுடன் டிகேஐபி என்ற குறியாக்கத்தையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இதன் வரலாறு கொஞ்சம் சொன்னால்தான் கொடுமை விளங்கும். முதலில் வந்த டபிள்யூஇபி முறையின் அடிப்படைக் குறை 2001-இல் அம்பலமானது. பழைய கருவிகளைத் தூக்கியெறியாமல் சமாளிப்பதற்காக, 2003-இல் இடைக்கால ஏற்பாடாக வந்ததே டபிள்யூபிஏவும் டிகேஐபியும். அடுத்த ஆண்டே ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கத்துடன் டபிள்யூபிஏ2 வந்துவிட்டது. 2006 முதல் வைஃபை சான்றிதழ் பெறும் எல்லாக் கருவிகளிலும் அது கட்டாயமானது. 2018-இல் டபிள்யூபிஏ3 வந்தது. இத்தனைக்கும் பிறகு, இடைக்கால ஏற்பாட்டை எங்களுக்கு 'அட்வான்ஸ்டு' என்று விற்றிருக்கிறார்கள். டிகேஐபியைப் பயன்படுத்தினால் வைஃபை வேகம் நொடிக்கு 54 மெகாபிட்டுக்கு மேல் போகாது, நடைமுறையில் அதில் பாதியே கையில் கிடைக்கும். சுவரும் லைனும் வீணாகப் பழி சுமந்தன. ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதற்கும் விடை அலுவலக மூலையிலேயே இருந்தது: எங்களிடமுள்ள பழைய பிரிண்டர் ஒன்றுக்கு ஏஇஎஸ் வராது. அந்த ஒரு பிரிண்டருக்குக் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு, அலுவலகம் முழுவதையும் அதன் தரத்துக்கு இறக்கியிருக்கிறார்கள்.

டபிள்யூபிஎஸ் வசதியும் இயக்கத்திலேயே இருந்தது. கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யாமல் எட்டு இலக்க எண்ணைக் கொண்டு இணைவதற்கான வசதி இது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்புகள் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. மேலும் ரூட்டர் முதல் நான்கு இலக்கங்கள் சரியா என்பதைத் தனியாகச் சொல்லிவிடுகிறது. ஆகவே முதல் பாதிக்கு 10,000, மறுபாதிக்கு 1,000, மொத்தம் 11,000 முயற்சிகளே போதும். இந்தக் குறை 2011 டிசம்பரில் வெளியானது. இதன் வழியாக வருபவனுக்கு உங்கள் வைஃபை கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பொருட்டில்லை, அதை ரூட்டரே எடுத்துக் கொடுத்துவிடும்.

எங்கள் கடவுச்சொல் நீளமாகவும் இல்லை. எங்கள் அலுவலகத்தின் பெயர், அதன் பின் ஓர் ஆண்டு. அமைத்த அன்றே அதை மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தோம். மாற்றினால் மேக் பட்டியல் கலைந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள், அது பச்சைப் பொய். டபிள்யூபிஏவிலும் டபிள்யூபிஏ2-விலும், ஒரு கருவி இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தை ஒருமுறை பதிவு செய்துகொண்டால் போதும். பிறகு வேறு இடத்தில் உட்கார்ந்து, அகராதிச் சொற்களையும் பெயர்களையும் ஆண்டுகளையும் கோத்து, பொருந்தும் வரை கணினியை முயலவிடலாம். அலுவலகப் பெயரோடு ஆண்டைச் சேர்த்தது அத்தகைய பட்டியலின் முதல் பக்கத்திலேயே இருக்கும். இதே நிறுவனத்திடம் வேலை கொடுத்த இன்னொரு அலுவலகத்தாரிடம் விசாரித்தோம். அவர்களுடைய கடவுச்சொல்லும் அவர்களின் பெயரும் அதே ஆண்டும்தான்.

பின்னறை அக்செஸ் பாயின்ட்டைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள். மாட்ட வந்த ஊழியர் முதலாவதை மட்டும் அமைத்துவிட்டு, இரண்டாவதைத் தொழிற்சாலையில் இருந்தபடியே விட்டுவிட்டார்: பெட்டியின் மாடல் பெயரில், கடவுச்சொல்லே இல்லாமல். போனின் வைஃபை பட்டியலில் தெரிந்த அந்தப் பெயரை அக்கம்பக்கத்தார் யாருடையதோ என்று எல்லோரும் எண்ணியிருந்தோம். அதில் இணைந்த என் போனிலிருந்து பிரிண்டரும், கணக்குக் கோப்புகளைப் பொதுவில் வைத்திருக்கும் ஃபோல்டரும் தெரிந்தன. விருந்தினர்களுக்கென்று அமைத்ததாகச் சொன்ன கெஸ்ட் வைஃபையும் பெயரளவில்தான் தனி. அதையும் உள் நெட்வொர்க்கோடு பிரிக்காமல் விட்டிருந்தார்கள்.

புதியது என்று விற்ற ரூட்டரின் ஃபர்ம்வேர், அதாவது அதற்குள் இயங்கும் மென்பொருள், எந்தத் தேதியது என்பதையும் பார்த்தோம். 2017 அக்டோபரில் டபிள்யூபிஏ2-வின் இணைப்புப் பரிமாற்றத்திலேயே இருந்த 'க்ராக்' குறை வெளியானபோது, தயாரிப்பாளர்கள் பலர் திருத்தம் வெளியிட்டார்கள். எங்கள் பெட்டியில் இருந்த ஃபர்ம்வேர் அதற்கும் முந்தையது. அந்த மாடலுக்கான ஆதரவை நிறுத்திவிட்டதாகத் தயாரிப்பாளரின் பக்கத்திலேயே அறிவித்திருந்தார்கள். இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்களின் முகவரிகளை மட்டும் யாரும் மாற்றவில்லை. மாற்றியிருந்தால், வங்கியின் முகவரியைச் சரியாகத் தட்டினாலும் வேறெங்கோ போய் நின்றிருப்போம்.

நிறுவனத்தின் உரிமையாளரிடம் இவை அனைத்தையும் ஸ்கிரீன்ஷாட்களுடன் அனுப்பினேன். வேலை முடிந்த அன்று நெட் வந்ததா இல்லையா என்று திருப்பிக் கேட்டார். அட்மின் பக்கத்தை நாங்களாகவே திறந்து பார்த்ததால் வாரண்டி செல்லாது என்றும் சொன்னார். பணம் திரும்பி வரவில்லை. அந்தப் பெட்டிகளைக் கழற்றிவிட்டு, டபிள்யூபிஏ3 உள்ள வேறு ரூட்டரும் அக்செஸ் பாயின்ட்டும் வாங்கி, பழைய பிரிண்டருக்குக் கம்பி இழுத்து, கெஸ்ட் வைஃபையைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். மேக் ஃபில்டர் இல்லை, பெயரும் எல்லோருக்கும் தெரிகிறது.

வேலைக்கு ஆள் வைப்பவர்கள், மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன், அந்த ஆள் கிளம்பாமல் பக்கத்தில் இருக்கும்போதே அட்மின் பக்கத்தை உங்கள் கையால் திறந்து, அதன் கடவுச்சொல்லை உங்களுக்கு மட்டும் தெரிந்ததாக மாற்றிவிடுங்கள். அதை மறுப்பவருக்கு மீதியைக் கொடுக்க வேண்டாம். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 அல்லது ஏஇஎஸ் உடன் டபிள்யூபிஏ2 என்று இருக்கிறதா, டபிள்யூபிஎஸ்ஸும் ரிமோட் மேனேஜ்மென்ட்டும் நிறுத்தப்பட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொரு பெட்டியிலும், ஒவ்வொரு அலைவரிசையிலும் பாருங்கள். ஒன்றில் சரியாக இருந்தால் மற்றதிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கெஸ்ட் வைஃபையில் உங்கள் போனை இணைத்து, பிரிண்டர் தெரிகிறதா என்று தேடுங்கள். தெரிந்தால் அது கெஸ்ட் வைஃபை அல்ல.

ஏற்கெனவே யாரோ அமைத்து, அட்மின் கடவுச்சொல் உங்களிடம் இல்லையென்றால், ரூட்டரின் பின்புறம் உள்ள ரீசெட் துளையில் ஊசியால் அழுத்திப் பிடித்தால் பெட்டி ஆரம்ப நிலைக்குத் திரும்பும். ஆனால் அதைச் செய்வதற்கு முன், இணைப்புக்குரிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இணைய சேவை தருபவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்தால் அவையும் அழிந்துவிடும். அவை கையில் இல்லாவிட்டால் நெட் நின்றுபோய், நீங்கள் மறுபடியும் அதே ஆளைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.