நிலத்தடிக் குகையும் வடிசாலையும் காட்டுவதாகப் பணம் வாங்குகிறார்கள், கவனம்

மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டு ஒரே நாளில் அம்பாறையின் ‘நிலத்தடிக் குகைகளையும்’ சாராய வடிசாலையையும் காட்டுவதாக ஒரு சுற்றுலா விளம்பரம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. ஆளுக்கு 6,500 ரூபாய், முழுவதும் முற்பணம். நாங்கள் குடும்பமாகப் போய் ஏமாற்றப்பட்டுத் திரும்பியிருக்கிறோம்.

விளம்பரப் படத்தில் குகைக் கூரையிலிருந்து கல் விழுதுகள் தொங்குகின்றன. சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் கரைத்து அரிக்கிற இடத்தில்தான் அப்படிப்பட்ட குகை உண்டாகும். அம்பாறை மலைகளோ இறுகிய கருங்கற்பாறை. எங்களைக் கொண்டுபோன இடம், மகாஓயா வீதியில் உள்ள ராஜகல. பெரும்பாறைகளின் அடியில் பழங்காலத்தில் பிக்குகள் தங்கிய கற்குகைகள் அங்கே இருக்கின்றன. நிலத்துக்குள் இறங்கிப் போக எதுவும் இல்லை. ராஜகல கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். அதைப் பொய்ப் படம் போட்டு விற்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வான் குகை வாசல்வரை போகும் என்று உறுதி சொன்னதால்தான் முழங்கால் வலிக்காரியான அம்மாவைக் கூட்டிப்போனோம். மலையடியில் இறக்கிவிட்டு, “இனி நடைதான்” என்றார்கள். களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று ஆள் ஏற்றி ஏற்றி வந்ததில் உச்சிவெயில் ஆகியிருந்தது. தருவதாகச் சொன்ன தண்ணீர்ப் போத்தலும் இல்லை. அம்மா பாதி வழியில் ஒரு மரநிழலில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி துணைக்கு நின்றார்.

மேலே நடந்தது அதைவிட மோசம். மழைநீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். அதன் கீழே பிராமி என்ற பழங்கால எழுத்தில் கல்வெட்டு இருந்தது. இத்தகைய கல்வெட்டுகள் பெரும்பாலும் குகையைப் பிக்குகளின் சங்கத்துக்குக் கொடுத்தவரின் பெயரைச் சொல்பவை. இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரரின் பெயர் பொறித்த கல்வெட்டும் இதே ராஜகலவில்தான் உண்டு. வழிகாட்டியாக வந்தவர் இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. “இது புதையல் குறி, அம்பு காட்டும் பக்கம் தோண்டினால் கிடைக்கும்” என்று சிறுவர்களிடம் சொல்லி, சோக்குத் துண்டால் எழுத்துகளின் மேல் கோடு இழுத்தும் காட்டினார். வெள்ளைத் தூள் வெட்டுகளுக்குள் இறங்குவதைப் பார்த்து அண்ணன் அவருடைய கையைப் பிடித்துத் தடுத்தார். இது 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பாதுகாக்கிற சொத்து. புதையல் கதை கேட்டு வருகிறவர்கள் எத்தனை பழைய இடங்களைக் குடைந்து நாசமாக்கியிருக்கிறார்கள் என்பது கிழக்கில் எல்லோருக்கும் தெரியும்.

வடிசாலைக்குப் போக வந்த வழியே அம்பாறைக்குத் திரும்பி, எதிர்த்திசையில் ஹிங்குரானைக் கரும்புக் காணிகள் பக்கம் ஓட வேண்டியிருந்தது. விளம்பரத்தில் தென்னைக்குத் தென்னை கயிற்றில் நடந்து கள் இறக்குகிறவர்களின் படம். அது மேற்குக் கரையோரக் காட்சி. இந்தப் பக்கம் எரிசாராயம் வடிப்பது சீனி ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகில். வாயிற்காவலர் மரியாதையாகவே பேசினார்: மதுவரித் திணைக்களத்தின் கண்காணிப்பில் உள்ள இடம், முன் அனுமதி இல்லாமல் யாரையும் விட முடியாது. எங்கள் ஏற்பாட்டாளர் அனுமதி கேட்டிருக்கவே இல்லை. பிறகு ஒரு மதுபானக் கடை வாசலில் வானை நிறுத்தி, “விரும்பியவர்கள் வாங்கி ருசி பாருங்கள்” என்றார், பெண்களும் பிள்ளைகளும் வானுக்குள் வியர்த்துக்கொண்டிருக்க.

வடிசாலைக்கென்று வாங்கிய பங்கையாவது திருப்பிக் கேட்டோம். “டீசலுக்குப் போய்விட்டது” என்றவர், மறுநாள் என் இலக்கத்தை முடக்கிவிட்டார்.

பாடசாலை விடுமுறைக்காக அதே படங்களோடு புதிய தொலைபேசி இலக்கத்தில் விளம்பரம் மறுபடி வந்திருக்கிறது. பணம் கேட்டால் வடிசாலையின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் வங்கிச் சீட்டையும் விளம்பரப் படத்தையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடுங்கள். எங்கள் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டோம்.