செங்கலடிச் சட்டித் தயிர்: கச்சான் காலத்தில் அடுப்புக்கு லீவு

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் எங்கள் வீட்டில் பகல் சமையல் கிடையாது. கச்சான் என்றதும் வறுத்துத் தின்கிற நிலக்கடலையை நினைக்கவேண்டாம், மேற்கிலிருந்து வறண்டு வந்து உதடெல்லாம் வெடிக்கவைக்கிற காற்றைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் தகரக் கூரைக் குசினியில் நின்று மூன்று கறி வைக்கிறவர்களுக்குக் கோயில்தான் கட்டவேண்டும். நான் வைக்கமாட்டேன். மட்டக்களப்புப் பக்கம், செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதியில் கொஞ்சத் தூரம் போனால் ஒரு மரத்தடியில் பலகை மேசை போட்டு எருமைத் தயிர் விற்கிற அக்கா ஒருவர் இருக்கிறா, பெயர்ப்பலகை ஒன்றும் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் காஸ் வரிசையும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலக் கரண்ட் வெட்டுமாகக் கிடந்தோமே, அப்போது பிடித்த பழக்கம், இன்னும் விடவில்லை.

முதல்நாள் "கட்டித் தயிரா அக்கா?" என்று கேட்டேன். மனிசி ஒன்றும் பேசாமல் சட்டியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தா. "விழுந்தாக் காசு வேணாம் மகள்." விழவில்லை, நான்தான் பயத்தில் கையை ஏந்திக்கொண்டு நின்றேன்.

எருமைப்பாலில் கொழுப்பு 7, 8 சதவீதம் வரும், பசுப்பாலில் அதில் பாதிதான், கட்டிக்கு முதல் காரணம் அது. மிச்ச வேலையைச் சட்டி பார்க்கிறது: மண் தயிரின் தண்ணீரை இழுக்கும், இழுத்தது வெளிப்பக்கத்தால் ஆவியாகப் போக உள்ளே குளிர்ந்துவிடும். தொட்டுப் பார்த்தால் சட்டியின் வயிறு சில்லென்று இருக்கும். மேலே மஞ்சளாக ஒரு ஆடை, அதற்கு எங்கள் வீட்டில் சண்டை. அதை விலக்கிக் கரண்டியைக் குத்தினால் நிமிர்ந்து நிற்கும். புளிப்பு அளவு, மண்வாசம் லேசாக. டவுனில் ஒரு கடையில் பிளாஸ்டிக் கப்பில் வாங்கியது ஞாபகம் வருகிறது, மூடியைத் திறந்தால் பாதி தண்ணீர், மீதி மாக்கரைசல் மாதிரி ஏதோ.

சரி, இதை வைத்து என்ன சாப்பிடுகிறோம் என்றால், பெரும்பாலும் அவல். நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்ததுதானே, இன்னொரு தடவை வேகவைக்கத் தேவையில்லை. சிவப்பு அவலை இரண்டு தண்ணீரில் அலசி, பிழிந்து, பத்து நிமிசம் மூடி வைத்தால் பூப்போல ஆகிவிடும் (ஊறப் போட்டுவிட்டுப் போன் பேசப் போனால் களிதான்), அதில் ஒரு கை தேங்காய்ப்பூ, கல்லுப்பு நாலு பரல், இரண்டு கதலிப்பழம், அதன் மேல் தயிரை வெட்டி வைத்துக் கித்துள் பாணி (கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சிய பாகு) ஊற்றவேண்டும். கலக்கக்கூடாது, அது என் கட்சி, என் மகன் எல்லாவற்றையும் குழைத்துத்தான் தின்பான். பாணியில் மட்டும் கவனம்: கித்துள் நம்ம பக்கத்து மரம் இல்லை, மலைநாட்டிலிருந்து வருகிறது, போத்தலில் வருவதில் பாதி சீனிப்பாகு. அக்கா மேசையில் அடுக்கி வைத்திருக்கும் பாணியும் எனக்குப் பிடிக்கவில்லை, வெறும் இனிப்பு, கித்துளின் அந்தப் புகைவாசம் இல்லை. தயிரை வாங்கிக்கொண்டு பாணியை விட்டுவிடுங்கள்.

அப்புறம் பழஞ்சோறு. இராத்திரிச் சோற்றுக்குத் தண்ணீர் விட்டு வைத்தால், காலையில் பிழிந்து தயிர், சின்ன வெங்காயம், நுள்ளிப் போட்ட பச்சைமிளகாய், அவ்வளவுதான், தொட்டுக்கொள்ள மாங்காய் இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளரிப்பழக் காலத்தில் பழத்தை மசித்துச் சீனி போட்டு இதே தயிரோடு தருவேன், அதைச் சாப்பாடு என்று எங்கள் வீட்டு ஆம்பிளைகள் ஒத்துக்கொள்வதில்லை, ஆனால் கோப்பை காலியாகத்தான் திரும்பி வரும்.

குறை இல்லாமல் இல்லை. காலையில் நிழலில் இருக்கிற மேசைக்கு மத்தியானம் நேர் வெயில். ஒருநாள் இரண்டு மணிக்குப் போய் வாங்கி வந்த சட்டி பல் கூசும் அளவுக்குப் புளித்திருந்தது. போன கிழமை பெரிய சட்டி 600 ரூபாய், அந்தக் காசுக்கு அது வயிற்றெரிச்சல். அதை மோராக அடித்து இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டுத்தான் முடித்தோம். மூடி என்று ஒன்றும் கிடையாது, ஒரு தாளை வைத்துச் சணல் கயிற்றால் கட்டித் தருவா, மோட்டார்சைக்கிளில் தூக்கிப்போட்டால் ஏறாவூர் தாண்டுவதற்குள் காற்சட்டை நனைந்துவிடும். காலிச் சட்டியைத் திருப்பி எடுக்கவும் மாட்டா.

ஒன்பது மணிக்கு முன்னமே போங்கள், ஒரு வாளியும் பழைய துவாயும் கொண்டுபோய்ச் சட்டியை அதற்குள் இறக்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எட்டரைக்கே மேசை வெறுமை.