இறக்கத்தில் தெரிந்தது: நீலகிரிக்கும் வால்பாறைக்கும் போய்வந்த அனுபவம்

பன்னிரண்டு ஆண்டுகளாகச் சுவிட்சர்லாந்தில் வசிக்கிறேன். ஆல்ப்ஸ் மலைப்பாதைகளில் சொந்தமாக வண்டி ஓட்டிப் பழகியவன் என்பதால், பிள்ளைகளின் ஜூலை விடுமுறையில் ஊருக்கு வந்து, பெற்றோரையும் அழைத்துக்கொண்டு ஊட்டிக்குப் போகலாம் என்று முடிவு செய்தபோது, கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி எனக்குக் கவலை ஏதும் இருக்கவில்லை. பத்து நாட்களுக்குள் வாடகைக் கார், உள்ளூர் ஜீப், அரசுப் பேருந்து என மூன்று விதமாக மலையேறி இறங்கினோம். மூன்றிலும் சாலை ஒன்றுபோல் வளைந்துதான் கிடந்தது. வண்டி ஓட்டப்பட்ட விதம்தான் மூன்றிலும் மூன்று விதம்.

சேவைகளில் முதலில் சொல்ல வேண்டியது இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இது கட்டாயம். அப்பாவின் கைபேசி எண்ணைக் கொண்டு சில நிமிடங்களில் எடுத்துவிட்டேன். சோதனைச் சாவடியிலும் தாமதமில்லை. எத்தனை வண்டிகள் மலையேறுகின்றன என்பதைக் கணக்கில் வைக்க அது உதவும். அந்த வண்டியை ஓட்டுகிறவர் முந்தைய இரவு தூங்கினாரா என்பதை எந்தப் பாஸும் கேட்பதில்லை.

கோயம்புத்தூரில் ஒரு டிராவல்ஸ் மூலம் ஏழு பேர் அமரும் வண்டியை இரண்டு நாளுக்குப் பேசியிருந்தேன். விடியற்காலை ஐந்தரைக்கு வண்டி வாசலுக்கு வந்தது. ஓட்டுநருக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பணிவான பிள்ளை, பெட்டிகளைத் தானே தூக்கி வைத்தார். அவருடைய கண்கள் சிவந்திருந்ததைக் கவனித்தேன். கவனித்தும் ஏறி உட்கார்ந்தது என் தவறு.

மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாறு ஏற்றம் தொடங்கியதும் முன்னால் ஒரு பேருந்து அகப்பட்டது. ஏற்றத்தில் பேருந்து மெதுவாகத்தான் போகும். அதன் பின்னால் கால்மணி நேரம் ஊர்ந்து போனால் யாருக்கும் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. நம் ஓட்டுநர் ஹார்னை அழுத்தியபடியே வளைவின் வாயிலில் வலப்புறம் ஏறினார். அந்த இடத்தில் நாற்பது மீட்டருக்கு மேல் சாலை கண்ணுக்குத் தெரியவில்லை. நாங்கள் நாற்பது கிலோமீட்டர் வேகத்திலும் எதிரே ஒருவர் அதே வேகத்திலும் வந்தால், அந்த நாற்பது மீட்டர் தீர்வதற்கு இரண்டு நொடிகூட ஆகாது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒன்றரை நொடி ஆகிவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், வளைவில் முந்துகிறவருடைய உயிர் அவருடைய திறமையை நம்பி இல்லை, எதிரே வண்டி வராமல் இருப்பதை நம்பி இருக்கிறது என்பது புரியும். அன்று எதிரே யாரும் வரவில்லை.

"கண்ணு, நமக்கென்ன அவசரம், மெதுவாப் போ சாமி" என்று பின்னாலிருந்து அம்மா சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா, இந்த ரோட்டுல அம்பது தடவை வந்திருக்கேன். கண்ணக் கட்டி விட்டாலும் ஓட்டிருவேன்" என்றார் ஓட்டுநர்.

ஐம்பது முறை வந்தவருக்கு வளைவு எங்கே இருக்கிறது என்று தெரியும். வளைவுக்கு அப்பால் அன்றைக்கு என்ன இருக்கிறது என்பது தெரியாது. மழையில் சரிந்த மண்ணோ, பழுதாகி நின்ற லாரியோ, யானையோகூட இருக்கலாம். குன்னூருக்குக் கீழே மரப்பாலம் அருகே 2023 செப்டம்பர் 30 அன்று தென்காசிப் பக்கத்துச் சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து பலர் இறந்த செய்தியை வெளிநாட்டில் இருந்தபடி படித்திருந்தேன். அந்த இடத்தைக் கடந்தபோது வண்டிக்குள் யாரும் பேசவில்லை. ஓட்டுநர் மட்டும் கைபேசியில் அடுத்த டிரிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்துப் பேசுவதையும் விதிக்கு மாறாக முந்துவதையும் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டுதல் என்றே வகைப்படுத்துகிறது. முதல் முறைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். சட்டம் இருக்கிறது, அந்த வளைவில் அதை நினைவூட்ட யாரும் இல்லை. நானும் இரண்டாவது அழைப்பு வரும்வரை வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் கோத்தகிரி வழியாக இறங்கினோம். உண்மையான ஆபத்தை அங்கேதான் பார்த்தேன்.

ஏற்றத்தில் செய்யும் தவறுகள் கண்ணுக்குத் தெரியும். இறக்கத்தில் செய்யும் தவறு சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். கோத்தகிரியைத் தாண்டிய சிறிது நேரத்தில் எஞ்சின் ஓசை அடங்கி, வண்டி வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன்: கியர் நியூட்ரலில் இருந்தது. டீசல் மிச்சம் பிடிக்க இப்படிச் செய்வது பழக்கம் என்று ஓட்டுநர் பிறகு ஒப்புக்கொண்டார். கியரில் இருக்கும்போது எஞ்சினே வண்டியை ஓரளவு பிடித்து நிறுத்தும். நியூட்ரலுக்குப் போய்விட்டால் ஏறக்குறைய முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டுப்பாளையம் முந்நூறு மீட்டர் சொச்சத்தில். ஆட்களோடும் பெட்டிகளோடும் இரண்டு டன் எடையுள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அந்த வெப்பத்தை எஞ்சினும் காற்றும் பகிர்ந்துகொள்ளாவிட்டால், உள்ளங்கை அகலமுள்ள சில பிரேக் கட்டைகள்தான் தாங்க வேண்டும். அளவுக்கு மீறிச் சூடானால் கட்டைகள் பிடிமானத்தை இழக்கின்றன. பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவி உண்டானால், பெடலை மிதித்தாலும் அது பஞ்சுபோல் உள்ளே போய்விடும்.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. கருகிய நெடி முதலில் மகளின் மூக்கில்தான் ஏறியது. "அப்பா, ஏதோ எரியுது" என்றாள். ஓட்டுநர் கண்ணாடியை ஏற்றினார், வெளியே யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்த வளைவில் அவர் பெடலை இரண்டு முறை மிதித்ததைப் பார்த்ததும், "தம்பி, செகண்ட் கியருக்கு வாங்க, இடம் பார்த்து ஓரமா நிறுத்துங்க" என்று சற்று உரக்கவே சொன்னேன். நிறுத்தினார். முன்சக்கரங்களின் பக்கம் போகவே அனல் அடித்தது. தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கிறேன் என்று பாட்டிலை எடுத்தவரைத் தடுத்தேன். காய்ந்து கிடக்கும் இரும்பில் சட்டென்று குளிர்ந்த நீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ளவோ வெடிப்பு விடவோ கூடும். காற்றில் தானாக ஆறட்டும் என்று முக்கால் மணி நேரம் சாலையோரம் காத்திருந்தோம்.

அந்த முக்கால் மணி நேரத்தில்தான் அவரோடு பேச முடிந்தது. எங்களை ஏற்றிய நாளுக்கு முந்தைய இரவு விமான நிலைய டிரிப் முடித்து, மூன்று மணி நேரம்கூடத் தூங்காமல் வந்திருக்கிறார். ஊட்டியில் நாங்கள் கம்பளி போர்த்திப் படுத்திருந்தபோது, அவர் விடுதியின் வாகன நிறுத்தத்தில், வண்டி இருக்கையைச் சாய்த்துப் போட்டுக் குளிரில் விழித்தே கிடந்திருக்கிறார். விடுதிகளில் ஓட்டுநர்களுக்குப் படுக்கை வசதி இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2023-இல் கட்டட விதிகளைத் திருத்தியது. அறை பதிவு செய்தபோது அப்படி ஒன்று இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை, விடுதிக்காரரும் சொல்லவில்லை. டீசலுக்கென்று முதலாளி ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுவாராம், மிஞ்சினால் ஓட்டுநருக்கு. இரவு எட்டு மணிக்குள் கோவை திரும்பினால் இன்னொரு சவாரி. வளைவில் அவர் காட்டிய அவசரத்தில் பாதி அவருடையது அல்ல என்பது அப்போது விளங்கியது. குறைந்த வாடகைக்கு நான்கு இடங்களில் பேரம் பேசிய எனக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

இடையில் மசினகுடிக்குப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக இறங்கும் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சரிவு மிகச் செங்குத்து. 2018-இல் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் அங்கே பள்ளத்தில் விழுந்து இரண்டு நாட்கள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது; அதன் பிறகு வெளியூர் வண்டிகள் அவ்வழியே இறங்கத் தடை வந்தது. எனவே கோவை வண்டியை விடுதியில் விட்டுவிட்டு, டிஎன் 43 பதிவெண் கொண்ட உள்ளூர் ஜீப்பில் போனோம். நரைத்த தலை ஓட்டுநர், முதல் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்தவர், தரைக்கு வரும்வரை அதை மாற்றவில்லை. ஏறிவந்த வண்டிகளுக்கு ஒவ்வொரு முறையும் ஒதுங்கி நின்று வழிவிட்டார். குறுகலான மலைச்சாலையில் இறங்குகிற வண்டிதான் நின்று வழிவிட வேண்டும் என்பது இங்கே விதி. சுவிட்சர்லாந்திலும் அதே விதிதான். செங்குத்தான ஏற்றத்தில் நின்றுபோன வண்டியை மறுபடி கிளப்புவது கடினம் என்பதே காரணம்.

ஊர் திரும்பிய பின், பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அரசுப் பேருந்தில் போனோம். வாடகைக் காரை நினைத்தாலே அம்மாவுக்குக் கால் நடுங்கியதுதான் காரணம். ஆழியாறு தாண்டியதும் 40 வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. சுவிஸ் அஞ்சல் பேருந்துகள் மலை வளைவுகளில் மூன்று சுரத்தில் ஹார்ன் ஒலிக்கும். இங்கே அந்த இசை இல்லையே என்று மகன் குறைபட்டுக்கொண்டான். இசை இல்லாவிட்டாலும் வளைவுக்கு முன்பே ஒரு நீண்ட ஹார்ன், பிறகு காது கொடுத்துக் கேட்பதுபோல் ஒரு நொடி நிதானம், அதன் பிறகே திருப்பம். ஒன்பதாவது வளைவில் வரையாடுகள் சாலையைக் கடந்தபோது, எஞ்சினை உறுமவிடாமல் பேருந்தை நிறுத்திக் காத்திருந்தார் ஓட்டுநர். கவர்க்கல் பகுதியில் மூடுபனி கண்ணாடியை மறைத்தபோது, பின்னால் வந்த கார் ஒன்று விடாமல் ஹார்ன் அடித்தும் அவர் வேகத்தைக் கூட்டவில்லை. சாலை நேராகி எதிர்ப்புறம் தெளிந்த பிறகே கைகாட்டி அந்தக் காரைப் போகவிட்டார். எங்களுக்குக் கிடைத்த சேவைகளில் இதற்குத்தான் முழு மதிப்பெண். கட்டணமும் இதில்தான் மிகக் குறைவு என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

புறப்படுவதற்கு முந்தைய நாள் டிராவல்ஸைத் தொலைபேசியில் அழைத்து, அந்த இளைஞரின் பெயர் கெட்டுவிடாதபடி பார்த்துப் பார்த்து, தூக்கமில்லாமல் மலைக்கு அனுப்பாதீர்கள், நியூட்ரலில் இறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதான் பத்திரமா வந்துட்டீங்கல்லங்க சார்?" என்றார்.

அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை பேசலாமா என்று கேட்டேன்.

"இப்ப முடியாதுங்க சார். நேத்து ராத்திரியே மூணாறு டிரிப் ஏத்தி விட்டுட்டோம். லைன் கிடைக்காது."