பழைய ஏஎம்4 கணினியில் கேமிங்: எதற்குச் செய்த செலவு வேலை செய்தது

ஏஎம்டியின் ரைசன் 5 2600 பிராசசர், அது உட்காரும் ஏஎம்4 சாக்கெட் கொண்ட பி450 மதர்போர்டு, ஒரே ஒரு 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. 2019இல் மதுரையில் ஒரு கடையில் சொல்லி அசெம்பிள் செய்த கணினி இது. இன்று அதில் கேபினட்டும் மதர்போர்டும் மட்டும்தான் பழையவை. மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக மாறிவிட்டன. நடுவில் ஓவர்கிளாக் செய்து (கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி ஏற்றி) நீண்ட நாள் ஓட்டினேன், பிறகு அதை எடுத்தும் விட்டேன். எது எவ்வளவு கொடுத்தது என்பதைச் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஓவர்கிளாக், ஏனென்றால் அது காசில்லாமல் கிடைப்பது. இந்த ரைசன் பிராசசரில் மல்டிபிளையர் (வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண்) பூட்டப்படவில்லை, பி450 போர்டும் அதை அனுமதிக்கும். பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) எல்லாக் கோர்களையும் 4.0 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தி, மின்னழுத்தத்தை 1.3 வோல்ட் அளவில் வைத்தேன். பிராசசரைச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளில் மதிப்பெண் நன்றாகவே ஏறியது. கேமில்? வேலரன்ட்டிலும் ஜிடிஏ 5இலும் நொடிக்கு நாலைந்து பிரேம் கூடியது, அவ்வளவுதான். காரணம் எளிது. இந்தப் பிராசசர் தானாகவே 3.9 வரை பூஸ்ட் ஆகும். பெரும்பாலான கேம்கள் ஓரிரு கோர்களைத்தான் முழுமூச்சாக வேலை வாங்கும், அந்தக் கோர்களுக்கு நான் கொடுத்தது வெறும் 100 மெகாஹெர்ட்ஸ்.

ஓவர்கிளாக் என்ற சொல்லுக்கு இன்னும் இருக்கும் கவர்ச்சி பழைய காலத்துப் பெருமை. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ பிராசசரில் பஸ் (பிராசசரையும் போர்டையும் இணைக்கும் பாதை) வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால், 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450இல் ஓடும். சரிபாதி வேகம் இலவசம்! இன்றைக்கு அந்த மிச்சத்தையெல்லாம் கம்பெனியே பூஸ்ட் என்ற பெயரில் கறந்து கொடுத்துவிடுகிறது. நமக்கு விட்டு வைப்பது கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்துக்கும் விலை உண்டு. என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. மே மாதம் இரவு பத்து மணிக்கும் அறைக்குள் 35 டிகிரி இருக்கும். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, ஏறத்தாழ அத்தனை டிகிரி பிராசசரும் ஏறும். கூடவே வந்த சின்னக் கூலரை வைத்துக்கொண்டு 4.0இல் ஓட்டினால் 85ஐத் தாண்டியது. 2600இன் உச்ச வரம்பு 95 டிகிரி. ஆபத்தில்லைதான், ஆனால் ஃபேன் போடும் சத்தத்தில் ஹெட்செட்டைக் கழற்ற முடியாது. டவர் கூலர் ஒன்று வாங்கிப் போட்டபின் அடங்கியது. இலவச வேகம் என்று தொடங்கியது கூலர் விலையில் போய் நின்றது!

1060 கார்டில் கதை கொஞ்சம் தேவலாம். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கோரை 120 மெகாஹெர்ட்ஸும் மெமரியை 400ம் ஏற்றி வைத்தேன். ஆறேழு சதவீதம் கூடியது. திரையில் புள்ளிகளும் கோடுகளும் தெரிய ஆரம்பித்தால் மெமரியைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அங்கே விதி.

உண்மையான மாற்றம் ராமில் வந்தது. கணினி வாங்கும்போது கடைக்காரர், "இப்ப ஒண்ணு போதும் தம்பி, அப்புறம் இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்றார். பட்ஜெட்டுக்குள் முடிக்க எல்லாக் கடையிலும் இதைத்தான் செய்கிறார்கள். ஒரே ஸ்டிக் என்றால் மெமரிக்குப் போகும் இரண்டு சேனல்களில் ஒன்று சும்மா கிடக்கும். அது போக, அந்த ஸ்டிக் 2400 வேகத்துடையது. ரைசனில் ராம் வேகம் ராமோடு நிற்பதில்லை. பிராசசருக்குள் கோர்க் கூட்டங்களை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக், ராமின் கடிகாரத்தோடு சேர்ந்தேதான் ஓடும். 2400 ராம் போட்டால் அது 1200 மெகாஹெர்ட்ஸ், 3200 போட்டால் 1600.

பழையதை விற்றுவிட்டு 3200 வேகத்தில் இரண்டு 8 ஜிபி வாங்கினேன். 2600க்கு ஏஎம்டி சொல்லும் வரம்பு 2933தான், ஆனாலும் என்னிடம் 3200 தொல்லையில்லாமல் ஓடியது. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்) ஐந்தில் ஒரு பங்கு கூடியது. அதைவிட முக்கியம், சண்டை நடக்கும் நேரத்தில் சட்டென்று தடுக்கி நிற்பது போய்விட்டது. சராசரி 120 என்று காட்டும் கணினி நொடிக்கு ஒருமுறை 40க்கு விழுந்து எழுந்தால் ஆட முடியாது. ஆகவே யாராவது எஃப்பிஎஸ் சொன்னால் ஒரு சதவீத லோ (மிக மோசமான ஒரு சதவீதப் பிரேம்களின் எஃப்பிஎஸ்) எவ்வளவு என்று கேளுங்கள். 16 ஜிபி ஆனதும் இதற்கு ஒரு காரணம்தானே என்று கேட்கலாம். அதற்காகவே இரண்டு ஸ்டிக்கையும் வைத்துக்கொண்டு எக்ஸ்எம்பியை (ராமை அதில் எழுதிய வேகத்தில் ஓடவைக்கும் பயாஸ் அமைப்பு) மட்டும் அணைத்துப் பார்த்தேன். வேலரன்ட்டில் பாதி லாபம் அப்போதே கரைந்துவிட்டது.

எக்ஸ்எம்பி தானாக ஆன் ஆகாது, பயாஸுக்குள் போய் நாம்தான் போட வேண்டும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் தெரியும். 3200 என்று எழுதிய ராமைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு 2133இல் ஓட்டிக்கொண்டிருந்த நண்பர்கள் எனக்கு உண்டு. நாலு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக்கைப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் சொருகினால் பெரும்பாலான போர்டுகளில் மறுபடி ஒற்றைச் சேனல்தான்.

அடுத்தது பிராசசர். பி450 போர்டில் 5000 வரிசை ஓடாது என்று 2020 மே மாதம் ஏஎம்டி சொன்னது. வாடிக்கையாளர்கள் கொந்தளித்ததும் அதே மாதம் முடிவை மாற்றிக்கொண்டது. அந்தக் கொந்தளிப்பின் பலனை அனுபவித்தவர்களில் நானும் ஒருவன். 2022இல் வந்த ரைசன் 5 5600, விலை இறங்கியதும் வாங்கிப் போட்டேன். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட வேண்டும், அதுவும் யூபிஎஸ்ஸில் வைத்து. பாதியில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடலாம்.

இரண்டுமே ஆறு கோர், 65 வாட். ஆனால் 2600இல் மூன்று மூன்று கோராக இரண்டு கூட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 8 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்). 5600இல் ஆறு கோரும் ஒரே கூட்டம், 32 எம்பி கேஷ் எல்லோருக்கும் பொது. வேலரன்ட்டில் எஃப்பிஎஸ் ஒன்றரை மடங்குக்கு மேல் போனது. சைபர்பங்க் 2077இல் ஒன்றுமே மாறவில்லை, அங்கே 1060 ஏற்கெனவே 99 சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கேம் ஓடும்போது கார்டின் பயன்பாடு 95க்கு மேல் நின்றால் பிராசசர் வாங்கிப் பயனில்லை. 60, 70 என்று அலைந்தால் கார்டு வாங்கிப் பயனில்லை.

கார்டுக்காகக் காத்திருந்தேன். 2021இல் கார்டுகளை வைத்துக் கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனிங் மோகத்தில் கார்டு விலையெல்லாம் நம் பக்கமே வராத உயரத்தில் இருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கைக் கைவிட்டது, பிறகு சந்தை தெளிந்தது. பாதி விலைக்கு மைனிங்கில் உழைத்த கார்டுகள் வந்தன, நான் தொடவில்லை. வாரண்டி இல்லாத கார்டு ரிப்பேர் ஆனால் நம் ஊரில் அலைச்சல்தான். புது ஆர்எக்ஸ் 6600 வாங்கினேன். 8 ஜிபி, 132 வாட். இது எட்டு லேன் (தரவு போகும் பாதை) மட்டுமே பயன்படுத்தும் கார்டு, பி450 போர்டில் கார்டை இணைக்க மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ்தான் இருக்கிறது. கொஞ்சம் இழப்பு உண்டு, கண்ணுக்குத் தெரியவில்லை. பயாஸில் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுகவிடும் வசதி) ஆன் செய்தது அதை ஈடுகட்டியிருக்கலாம். 1080பியில் சைபர்பங்க் 35இலிருந்து 60ஐத் தாண்டியது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் (மின்சாரம் தரும் பவர் சப்ளை) எட்டு பின் கேபிள் இல்லாததால் அதையும் மாற்ற வேண்டியிருந்தது.

இப்போது பிராசசர், கார்டு இரண்டிலும் ஓவர்கிளாக் இல்லை, தலைகீழாக மின்னழுத்தத்தைக் குறைத்திருக்கிறேன். 5600இல் கர்வ் ஆப்டிமைசர் (கோர்களின் மின்னழுத்தத்தைக் குறைக்கும் பயாஸ் அமைப்பு) மைனஸ் 20 வைத்தேன். சினிபெஞ்ச் மணிக்கணக்கில் ஓடியது, ஆனால் சும்மா பிரவுசர் திறந்திருக்கும்போது ரீஸ்டார்ட் ஆனது. கோர்சைக்ளர் என்ற மென்பொருள் ஒவ்வொரு கோராகச் சோதித்து ஒரு கோர் தாங்கவில்லை என்று காட்டியது. அதை மட்டும் மைனஸ் 10 ஆக்கியபின் பிரச்சினை இல்லை. கார்டிலும் மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்ததில் இருபது வாட் அளவுக்கு மிச்சம், எஃப்பிஎஸ் அப்படியே. நம் ஊர் வெயிலுக்கு இதுதான் பொருந்துகிறது. ஈபி பில்லுக்கும் நல்லது: 300 வாட்டில் தினம் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். வீட்டுக் கணக்கு 500 யூனிட்டை ஒட்டி ஓடுபவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எஸ்எஸ்டி பற்றி ஒரு வரி: லோடிங் சீக்கிரம் முடியும், எஃப்பிஎஸ் ஏறாது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் இல்லாமல் வேலரன்ட்டில் 250 எஃப்பிஎஸ் வந்தாலும் பெரும்பகுதி கண்ணுக்கே வராது.

அடுத்த தலைமுறை சாக்கெட்டான ஏஎம்5க்குப் போக எண்ணமில்லை. போர்டு, டிடிஆர்5 ராம், பிராசசர் மூன்றையும் சேர்த்து வாங்க வேண்டும். இதே போர்டில் 96 எம்பி கேஷ் உள்ள 5700எக்ஸ்3டி உட்காரும், ஆனால் 6600ஐ வைத்துக்கொண்டு அதற்குச் செலவு செய்தால் வேலரன்ட் மாதிரி கேமில் மட்டும்தான் தெரியும். அடுத்து மாற்றினால் கார்டுதான். அதில் 8 ஜிபிக்கு மேல் மெமரி இருக்க வேண்டும், புதுக் கேம்கள் சிலவற்றில் இப்போதே டெக்ஸ்சரை ஒரு படி இறக்கித்தான் ஆடுகிறேன்.