ஊசி மருந்துக் குப்பி: வார்த்ததா, குழாயில் செய்ததா?

பிஎச் மாறாமல் காக்கும் பாஸ்பேட் தாங்கல் கரைசலில், பிஎச் 8 என்ற சற்றே காரமான அளவில் நிற்கும் ஒரு திரவ ஊசி மருந்துக்குக் குப்பி தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எங்கள் பிரிவுக்கு வந்தது. பொடிகளுக்கும் எண்ணெய் மருந்துகளுக்கும் பொருந்தும் சோடா-லைம் கண்ணாடியை, அதாவது மருந்துக் கண்ணாடி வகைகளில் மூன்றாவதை, உடனே விலக்கினோம். உட்புறத்தில் கந்தகச் சேர்மத்தால் சோடியத்தை நீக்கிய இரண்டாம் வகையும், அந்த மெல்லிய மேற்பரப்பைக் காரம் அரித்துவிடும் என்பதால் கழிந்தது. எஞ்சியது முதல் வகையான, போரான் கலந்த போரோசிலிகேட் கண்ணாடி. அதில்தான் உண்மையான போட்டி.

ஒரே வகைக் கண்ணாடியாயினும், உருகிய கண்ணாடியை அச்சில் வார்த்த மோல்டட் குப்பியும், கண்ணாடிக் குழாயைச் சுடரில் வாட்டி அடியை மூடிய டியூபுலர் குப்பியும் ஒன்றல்ல. டியூபுலர் இலேசானது, சுவர் சீரானது, துகள் ஆய்வுக்குத் தெளிவானது. ஆனால் அடியை மூடும் சூட்டில் சோடியமும் போரானும் ஆவியாகி, சுவரின் கீழ்ப்பகுதியில் படிகின்றன. அந்த வளையமே பின்னர் மருந்தால் அரிக்கப்பட்டு, செதில்களாக உரிகிறது. 2010-இல் ஆம்ஜென் நிறுவனம் இரத்தசோகை ஊசி மருந்தான எபோஜென் குப்பிகளைத் திரும்பப் பெற்றதும் இத்தகைய செதில்களால்தான். பாஸ்பேட், உயர்ந்த பிஎச், 121 டிகிரி செல்சியஸில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கம்) ஆகிய மூன்றும் உரிதலைத் தூண்டுபவை. எங்கள் மருந்தில் மூன்றுமே இருந்தன.

இங்கே பலரும் குப்பியின் சோதனைச் சான்றிதழைப் பார்த்து நிம்மதி அடைகின்றனர். கண்ணாடியை நொறுக்கிச் செய்யும் துகள் சோதனை அதன் வகையை மட்டுமே சொல்லும். குப்பி உருவானபோது அடிப்பகுதிக்கு நேர்ந்ததைச் சொல்லாது. மேற்பரப்புச் சோதனையோ முழு உட்புறத்திலிருந்தும் கரைந்ததைச் சேர்த்தே அளப்பதால், அந்தச் சிறு வளையத்தின் நலிவு அதில் மறைந்துபோகிறது. ஆகவே மருந்தையே நிரப்பிச் சூட்டில் வைத்து, குப்பியின் அடியை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தோம். டியூபுலரில் வளையம் அரிபட்டிருந்தது. மோல்டட்டில் அவ்வாறு தெரியவில்லை. மோல்டட்டையே தேர்ந்தோம்.

அதன் எடையும், சுவரின் ஏற்ற இறக்கமும், ஆய்வு மேசையில் கண்களுக்குக் கூடுதல் உழைப்பும் மெய்யான குறைகள். உறைந்துலர்த்தும் மருந்துகளில் என் அனுபவம் குறைவு. அங்கே தட்டையான அடியும் வெப்பக் கடத்தலும் முக்கியமாவதால், டியூபுலர் பக்கம் நியாயம் சாயக்கூடும். மோல்டட்டையும் காரம் மெல்ல அரிக்கவே செய்யும். எனவே மருந்து கெடாமல் நிற்கிறதா என்று பார்க்கும் ஒவ்வொரு நிலைப்புச் சோதனைத் தவணையிலும் குப்பியின் அடியை இன்றும் வெட்டிப் பார்க்கிறோம்.